பேர் அடிக்காத நோட்டு

மாதம் பிறந்தால் முதல் வாரத்தில் என் போனுக்கு ஒரு செய்தி வரும். தன்னார்வக் குழுக்களுக்கு எங்கே நிதி இருக்கிறது, யார் பயிற்சி கொடுக்கிறார்கள், எதற்கு எது கடைசித் தேதி, எல்லாம் நீளமாக இருக்கும். சென்னையில் உள்ள ஒரு கூட்டமைப்பு அனுப்புவது. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். கடைப் பலகையும் பஸ் போர்டும் படிப்பேன். போனில் வரும் அந்தப் பொடி எழுத்து எனக்கு ஓடாது. அதனால் எங்கள் சங்கத்துச் செயலாளரிடம் போனைக் கொடுத்துவிடுவேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்குத் தங்கச்சி முறை வைத்துப் பழகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அதே நிதானத்தோடு ஒவ்வொன்றாகப் படிப்பார்.

“மரக்கன்னு நடுறதுக்கு இருக்குதுண்ணே. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் வைக்க இருக்குது. பெண்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி, ரெண்டு நாளு, சாப்பாடு உண்டு.”

“நமக்கு?”

“நமக்கு ஒண்ணும் இல்ல.”

இப்படி எத்தனையோ மாதம் போயிருக்கிறது. கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் புதிதாக ஏதாவது வேண்டும். நாங்கள் செய்வதில் புதிது எதுவும் கிடையாது. சிறுநீரகம் கெட்டுப்போன ஏழெட்டுப் பேரை வேனில் ஏற்றிக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கொண்டுபோகிறோம். டயாலிசிஸ் முடிகிறவரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து அவரவர் வீட்டில் விடுகிறோம். வாரம் மூன்று முறை. அதே ஆட்கள், அதே ரோடு, அதே ஆஸ்பத்திரி. எங்கள் ஆட்களுக்கு மெஷினில் இடம் விழுந்தது அங்கேதான். இதில் எந்தப் புதுமையைக் காட்டுவது? ஒரு ஆள் உயிரோடு இருப்பது பழைய வேலை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் உர மூட்டை தூக்கியவன் நான். மற்றவர்கள் ஒன்று தூக்கினால் நான் இரண்டாக அடுக்கித் தூக்குவேன். பார்த்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். பிறகு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பைப் கடையில் எடுபிடி. பத்து வருடத்தில் அதே தெருவில், அதே கடைக்கு எதிரே, என் சொந்தக் கடை. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் பாதி வீட்டுத் தண்ணீர் நான் விற்ற குழாயில்தான் ஓடுகிறது. என் இரண்டு பையன்களும் இன்ஜினியரிங் படித்தவர்கள், தொழிலை மூன்றாவது படித்த என்னிடம்தான் கற்றுக்கொண்டார்கள். இப்போது கடை அவர்கள் கையில். எனக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. யாரிடமும் போய் நின்றதில்லை என்பதுதான் என் சம்பாத்தியத்திலேயே பெரியது என்று நினைக்கிறவன் நான். கடை என் கையில் இருந்தபோது வேனை நானே வாங்கினேன். அது படுத்துக்கொண்டபோது, இன்னொன்று வாங்கித் தாருங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை என்றும் சொல்லலாம்.

வேன் வாங்கியதே ஒரு ஆளுக்காகத்தான். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கியவர். பிறகு முதுநகரில் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் சேர், பந்தல் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய்விட்டது. ஆரம்பத்தில் சிதம்பரத்துக்கு பஸ்ஸில்தான் போய் வந்தார். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது தலைசுற்றி சீட்டிலிருந்து சரிந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று நினைத்துப் புதுச்சத்திரத்தில் இறக்கிவிட்டுவிட்டார்கள். நிறுத்தத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார்.

“மச்சான், வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல. இன்னிக்கி ஓசியிலேயே குடிகாரன் ஆயிட்டேன். வந்து கூட்டிக்கினு போ.”

அடுத்த வாரம் வேன் வாங்கிவிட்டேன். பழைய வண்டிதான், ஆனால் இன்ஜின் தேர்ந்தெடுத்தது நான். பாய் ஏற மாட்டேன் என்றார்.

“சும்மா ஏத்திக்கினு போனா அது பிச்ச மச்சான். சங்கம்னு ஒண்ணு வையி. ஏறுறவன் எல்லாம் மெம்பரு. அப்ப நான் காலு மேல காலு போட்டுக்கினு வருவேன்.”

அப்படித்தான் சங்கம் பதிவானது. கமிட்டியில் ஏழு பேர். நானும் தங்கச்சியும் போக மீதி ஐந்து பேரும் வேனில் ஏறுகிற நோயாளிகள். வேன் வாங்கியவன் நான், தலைவர் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாய் சிரித்தார். “நீ நல்லா திடமா இருக்குற. உனக்கு எதுக்கு இந்தப் பதவி? ஏறுறவன்தான் தலைவரு. நீ பொருளாளரா இரு.” வேறு யாராவது சொல்லியிருந்தால் சாவியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

எங்கள் வண்டிக்கென்று சில வழக்கங்கள் உண்டு. எழுதி வைத்ததில்லை. ஓட்டுகிறவர், துணைக்கு வருகிற தொண்டர், யாரும் வழியில் தண்ணீர் குடிக்கக் கூடாது. நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கே இரண்டு டம்ளர்தான் அனுமதி. அவர்கள் எதிரில் நாம் மடக்கென்று குடித்தால் அதைவிடப் பாவம் இல்லை. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். திரும்பும்போது ஊசி எடுத்த இடத்தில் சிலருக்கு ரத்தம் கசியும். துணைக்கு வருகிறவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கை மரத்துப்போனாலும் எடுக்கக் கூடாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுதான் எங்களை மாட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். எந்த மெஷின் யாருக்கு, எத்தனை மணிக்கு என்று பெயர் எழுதியிருப்பார்கள். ஒருவர் போய்விட்டால் அந்தப் பெயரைத் துணியால் துடைத்துவிட்டு, காத்திருக்கிறவர் பெயரை எழுதுவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, காத்திருப்பதும் ஓர் உயிர்தான். ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவன் கண்ணில் அது படும். முதல் வருடமே எங்கள் ஆள் ஒருவர் பெயரைத் துடைத்தார்கள். அன்று திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டியதும் பாய் சொன்னார்:

“அங்க தொடைக்கட்டும். நம்ம நோட்டுல யாரு பேரையும் அடிக்கக் கூடாது.”

மாதக் கூட்டத்தில் தங்கச்சி பெயர் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துப் பழக்கம், விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். கூப்பிட்டால் “உள்ளேன் ஐயா” என்று சொல்ல வேண்டும். மூன்றாவதோடு நின்றவனுக்கு அதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை. இறந்தவர் பெயர் வரும்போது எல்லோரும் சேர்ந்து அவருக்காகச் சொல்வோம். தங்கச்சி பெயருக்கு நேரே “உண்டு” என்று எழுதிவிடுவார். இப்படியே நான்கு பெயர் ஆனது. மூன்று வருடத்துக்கு முன் பாயும் போனார். தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் தொடர்ந்து முதலில் வந்தது. வேறு ஆளைப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரை எடுக்காமல் எப்படிப் போடுவது?

போன வருடம் வேன் புகை கக்க ஆரம்பித்தது. வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கிற எஃப்.சி. எடுக்கப் போனால் இந்த இன்ஜினோடு முடியாது என்றார்கள். இருந்த எஃப்.சி.யும் இரண்டு மாதத்தில் முடிகிறது. அதற்கு நடுவிலேயே ஒரு வாரம் வண்டி நின்றது. ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பூக்கட்டி விற்கிற ஒரு பெண் எங்களோடு வருகிறவள். இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் போன இடம் தெரியாது. அந்த வாரம் ஒரு நாள் அவளால் பஸ்ஸில் ஏற முடியவில்லை. ஒரே ஒரு முறைதான் தவறியது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு நிற்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். வேன் நின்றுவிட்டால் எங்களில் முதலில் போவது யார் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரியும்.

அந்த மாதம் தங்கச்சி செய்தியைப் படிக்கும்போது நடுவில் நிறுத்தினார்.

“அண்ணே, ஒரு கம்பெனியோட சமூக நிதி. நோயாளிகளை ஏத்திக்கினு போற வண்டிக்குன்னே போட்டிருக்குது.”

விண்ணப்பம் பக்கம் பக்கமாக இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து நிரப்பினோம்.

“உங்கள் அமைப்பின் தொலைநோக்கு என்னன்னு கேக்குறாங்கண்ணே.”

“வண்டி சிதம்பரம் போவணும்னு எழுது.”

“அவ்ளோதானா?”

“திரும்பியும் வரணும்னு சேத்துக்க.”

கம்பெனியிலிருந்து நேரில் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையான பெண். எங்களோடு வேனிலேயே சிதம்பரம் வந்தார். வழியில் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தார். வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற டிரைவர், சொந்தத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர், எங்களுக்குச் சும்மா வந்து ஓட்டித் தருகிறவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “மேடம், அத உள்ள வச்சிருங்க, எறங்குன அப்பறம் குடிச்சிக்கலாம்” என்றார். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் அவரும் குடிக்கவில்லை. இது கிடைத்துவிடும் என்று நான் அப்போது முடிவு செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் மர நிழலில் உட்கார்ந்தோம். நோயாளிகள் உள்ளே. அந்தப் பெண் காகிதங்களைப் பார்த்தார், பதிவுச் சான்றைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்க கூட்ட நோட்டப் பாருங்க மேடம். ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு கூட்டம் விட்டதில்ல. இந்த ஜில்லாவுல எந்தச் சங்கம் இப்படி வச்சிருக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

தங்கச்சி பையை மடியில் இழுத்துக்கொண்டார். “அத அப்பறமாப் பாத்துக்கலாம்ணே.”

“காட்டு தங்கச்சி. நமக்கு என்னா பயம்?”

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினார். “தலைவர் போன மாசம் கூட்டத்துக்கு வந்திருக்கார் போல. இன்னிக்கி ஏன் வரல சார்?”

மாப்பிள்ளை எழுந்து வேன் டயரைப் பார்க்கப் போனார்.

“அவுரு தவறிட்டாரு மேடம்.”

“அய்யோ. எப்ப?”

“மூணு வருஷம் ஆவுது.”

“ஆனா வருகை உண்டுன்னு போட்டிருக்கு.”

“ஆமா. எல்லாக் கூட்டத்துலயும் போடுவோம்.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். முன்னால் திருப்பினார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் கேட்டார். ஏழில் ஐந்து பேர் இல்லை. தங்கச்சிதான் மெல்லிய குரலில் வெள்ளைப் பலகையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் முழுவதும் கேட்டார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்குப் புரியுது சார். ஆனா இத நான் அப்படியே எழுதினா மோசடின்னுதான் எடுத்துப்பாங்க.”

அறுபது வருடம் இந்த ஊரில் வியாபாரமும் வேலையும் செய்தவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை. அவர் என்னைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் மூட்டை சரிந்து முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. சத்தம் போட வாயைத் திறந்தேன். உள்ளே எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள் என்பது நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

மாதக் கடைசிக்குள் செய்ய வேண்டியதை அவரே சொன்னார். ஐந்து பேரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். பெயர்களை நீக்கிப் புதுக் கமிட்டி போட்டு, சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, அந்த நகலை அனுப்ப வேண்டும். “தலைவரா நீங்க வேண்டாம் சார். வண்டி உங்க பேர்ல இருக்கு. உங்க வண்டிக்கு நீங்களே கேட்ட மாதிரி ஆயிடும்.” அதையும் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பூக்காரப் பெண்ணின் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான்.

“என்னாண்ணே, கெடைக்குமா?”

“பாய் பேர எடுத்தா கெடைக்குமாம்.”

வீட்டருகே இறங்கிய பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். “பேரு இல்லன்னா அவுருக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. வண்டி இல்லன்னா எனக்கு ஆயிடும்.”

மூன்று நாள் நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. கால் வலி என்று சொன்னேன். வலி இருக்கத்தான் செய்தது, ஆனால் அதற்காக இல்லை. நான்காவது நாள் முதுநகருக்குப் போனேன். பாய் வீட்டில் சேர்கள் முன் அறையில் இன்னும் அடுக்கியிருந்தன. அவருடைய மனைவியிடம் விஷயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொன்னேன்.

“இதுக்கா மூணு நாளு படுத்துக்கினு இருந்தீங்கண்ணே?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்து வந்தார். லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். “பேங்குல கேட்டாங்க, ரேஷன் கடையில கேட்டாங்க, கேஸ் சிலிண்டர்காரங்க கேட்டாங்க. ஒவ்வொரு எடமா அவுரு பேர எடுத்தாச்சி. உங்க நோட்டுல மட்டும்தான் இருந்தாரு.”

எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. “அப்ப வேணாம்மா. விட்டுர்லாம்.”

“எடுங்கண்ணே. வண்டி ஓடாம வாசல்ல நின்னுக்கினு இருந்தா, நோட்டுல அவுரு பேரு இருந்து என்னா பண்ணப் போவுது? டீ குடிங்க.”

மற்ற நான்கு சான்றிதழுக்குத் தங்கச்சியும் மாப்பிள்ளையும் அலைந்தார்கள். ஒரு குடும்பம் வடலூருக்கும் இன்னொன்று மங்கலம்பேட்டைக்கும் போய்விட்டிருந்தன. போகிற இடமெல்லாம் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்களாம், சான்றிதழைக் கேட்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டதாம்.

கூட்டத்தில் தங்கச்சி நோட்டையும் சிவப்புப் பேனாவையும் ஸ்கேலையும் என் முன்னால் வைத்தார். “நீங்கதான் அடிக்கணும்ணே. எனக்குக் கை வரல.” கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் பேனா பிடிக்கிறவன் இல்லை. ஸ்கேலை வைத்து ஐந்து கோடு போட்டேன். பாய் பெயரைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். இரண்டு மூட்டை தூக்கிய கைக்கு அந்த ஐந்து கோட்டுக்குள் வியர்த்துவிட்டது.

புதுத் தலைவர் யார் என்று கேட்டபோது, மரியாதைக்காவது யாராவது என் பெயரைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். அதிகாரி வேண்டாம் என்று சொன்னது வேறு விஷயம். ஒருவரும் சொல்லவில்லை. ஏறுகிறவர்தான் தலைவர் என்று பாய் சொல்லியிருக்கிறாரே என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் பூக்காரப் பெண்ணைப் பார்த்தார்கள்.

“எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும்” என்றாள்.

“அவ்ளோதான் எனக்கும்” என்றேன்.

“தலைவரு ஆனா சீக்கிரம் கெளம்பிடுவாங்க போலிருக்குதே.”

“பயந்தா வேணாம் விடு.”

“பயந்தா பூ கட்ட முடியுமா, குடுங்க நோட்ட.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

புது வண்டி கிடைக்கவில்லை. இருக்கிற வண்டிக்கு இன்ஜின் வேலையும், எஃப்.சி.யும், ஒரு வருடத்துக்கு டீசலும் என்று முடிவாகி வந்தது. அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். தங்கச்சி அதைப் படித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடமும் தொலைநோக்கு என்ன என்று கேட்பார்கள். அதே ரோடுதான் என்று சொல்ல வேண்டும். வண்டி இருபது நாள் பட்டறையில் கிடந்தது. அந்த இருபது நாளும் மாப்பிள்ளையின் ஆட்டோவிலும் தெரிந்தவர் காரிலும் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோனோம். யாருக்கும் ஒரு முறைகூடத் தவறவில்லை. அது என் ஏற்பாடு. சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும், வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

வண்டி வந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில் தங்கச்சி புது நோட்டில் பெயர் கூப்பிட்டார். எல்லாம் இருக்கிறவர்கள் பெயர். அவரவர் பெயருக்கு அவரவர் சொன்னோம். சீக்கிரம் முடிந்துவிட்டது. நோட்டை மூடிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

தலைவர்தான் முதலில் எழுந்தாள். “மீதிப் பேர நாளைக்கி வண்டியில சொல்லிக்கலாம். அங்க யாரும் நோட்டு கேக்க மாட்டாங்க.”

மறுநாள் காலை துணை ஆள் முறை எனக்கு. ஆலப்பாக்கத்தில் அவள் ஏறினாள். மடியில் ஒரு பந்து நூல், கட்டாத பூ. வண்டி நகர்ந்ததும் பூவைத் தொடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், பாயின் பெயரைச் சொன்னாள். “உள்ளேன் ஐயா” என்றோம். அடுத்த பெயர். அதற்கும் சொன்னோம். என் குரல் மற்றவர்கள் குரலுக்குள் போய்விட்டது. முன்பு மாதிரி உரக்கச் சொல்ல எனக்கும் இப்போது மூச்சு கிடையாது. ஐந்தாவது பெயர் முடிவதற்குள் புதுச்சத்திரம் வந்துவிட்டது. பாய் பிடித்துக்கொண்டு நின்ற அந்தத் தூண் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளை ஒரு முறை ஹாரன் அடித்தார், வண்டி நிற்காமல் போனது.